ஒருவர் வெட்டச் சொல்ல, மற்றவர் வேண்டாம் என்றால்...

“ஒருத்தர் உடனே எடுக்க வேணும் எண்டுறார். மற்றவர் தொடவே வேண்டாம் எண்டுறார். நான் ஆரை நம்புறது?”

அக்கா இப்படிக் கேட்டபோது அவளது மடியில் இரண்டு மருந்துத் துண்டுகள் கிடந்தன. அப்போது அவளுக்கு வயது 46. ஆசிரியை, மூன்று பிள்ளைகளின் தாய். ஏழெட்டு மாதங்களாக மாதவிடாய் நாட்களில் இரத்தப்போக்கு அளவு மீறியிருந்தது. ஸ்கேன் செய்ததில் கர்ப்பப்பையில் 6 சென்ரிமீற்றர் அளவில் ஒரு கட்டி. முதலில் சனல் செய்து காட்டிய நிபுணர், கர்ப்பப்பையையும் இரண்டு சூலகங்களையும் சேர்த்தே அகற்றிவிடுவது நல்லது என்றார். இரண்டு வாரம் கழித்துப் பார்த்த நிபுணரோ, “மாதவிடாய் நிற்கிற வயது கிட்டுது. அதுக்குப் பிறகு கட்டி தானாகவே சுருங்கும்” என்று குளிசை எழுதிக் கொடுத்தார்.

இந்தச் சங்கடம் எங்கள் சகோதரிகள் பலருக்கு வந்திருக்கும். அயலில் ஆலோசனைக்கும் குறைவிருக்காது. பிள்ளை பெற்று முடிந்ததே, இனி எதற்கு அது என்பார் ஒருவர். கத்தி பட்டால் பிறகு ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்க ஏலாது என்பார் இன்னொருவர். காசுக்காகத்தான் வெட்டச் சொல்கிறார்கள் என்ற பேச்சும் வரும். (அப்படி ஒருவருமே இல்லை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால், கருத்து வேறுபாடு எல்லாவற்றுக்கும் அதுவே காரணம் என்று எண்ணுவது பிழை.)

இந்தக் கட்டிகள் மிகப் பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. கர்ப்பப்பையின் தசையிலிருந்து வளர்பவை. பெண் ஹோர்மோன்கள் சுரக்கும் வரை வளரக்கூடியவை, மாதவிடாய் நின்றபின் பொதுவாகச் சுருங்குபவை. இதில் கட்டியின் அளவைவிட அது இருக்கும் இடம் முக்கியம். கர்ப்பப்பையின் உட்புறத்தை நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கும் சிறு கட்டி ஆறாக இரத்தம் போகச் செய்யும். வெளிப்புறமாக வளர்ந்த பெரிய கட்டியோ ஆண்டுக்கணக்கில் ஒரு தொந்தரவும் தராமல் இருக்கலாம். வைத்தியமும் ஒன்றல்ல. குளிசை, ஹோர்மோன் சுரக்கும் லூப், கட்டியை மட்டும் எடுப்பது, கட்டிக்குப் போகும் இரத்தக்குழாயை அடைப்பது, கர்ப்பப்பையையே எடுப்பது என்று பல வழிகள் உண்டு. கட்டியை மட்டும் எடுக்கும் முறையை வளர்த்தெடுத்தவர்களுள் முக்கியமானவர் இங்கிலாந்தைச் சேர்ந்த விக்டர் பொனி. அவரது மனைவிக்கு இளவயதிலேயே கர்ப்பப்பை அகற்றப்பட்டு, அவர்களுக்குப் பிள்ளை இல்லாமல் போயிற்று. ஒரே நோய்க்கு வேறு வேறு பெண்களுக்கு வேறு வேறு விடை பொருந்தும் என்பதை அவர் வீட்டிலேயே கண்டிருப்பார்.

சரி, அக்காவின் கதைக்கு வருவோம். இரண்டு துண்டுகளையும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வைத்தியரிடமும் என்ன சொன்னாய் என்று கேட்டேன். அப்போதுதான் விஷயம் வெளிவந்தது. முதலாமவரிடம் ஹீமோகுளோபின் 8.1 என்று காட்டிய இரத்தப் பரிசோதனை போயிருக்கிறது. (கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12க்குக் கீழே போனாலே இரத்தச்சோகை.) இரண்டாமவரிடம் போன அன்று அந்தத் தாள் வீட்டு அலுமாரியில் கிடந்தது. அதைவிட, அன்று அத்தான் பக்கத்திலேயே நின்றாராம். “எவ்வளவு போகுது?” என்று வைத்தியர் கேட்க, வெட்கத்தில் “கொஞ்சம் கூட” என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். மணிக்கொரு தடவை துணி மாற்றுவதையும், கட்டி கட்டியாகப் போவதையும், படியேறினால் மூச்சு வாங்குவதையும் சொல்லவில்லை. இருவரும் ஒரே நோயாளியைப் பார்க்கவேயில்லை!

அன்றிரவே ஒரு பழைய கொப்பியில் எழுதத் தொடங்கினோம். எந்தத் திகதியில் தொடங்கியது, எத்தனை நாள், ஒரு நாளில் எத்தனை துணி, என்ன மருந்து, தாய்வழியில் யாருக்காவது புற்றுநோய் இருந்ததா, எல்லாம். ஸ்கேன், இரத்த அறிக்கை, பழைய கிளினிக் கொப்பி அனைத்தையும் ஒரே கோவையில் போட்டு அரசாங்க ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குக் கொண்டுபோனோம். அத்தானை வெளியே வாங்கில் இருத்திவிட்டு நான் உள்ளே போனேன்.

அக்கா கேட்பதற்கென்று எழுதி வைத்த கேள்விகள் நான்கு. இப்போது செய்யாவிட்டால் என்ன நடக்கும்? எவ்வளவு காலம் பொறுக்கலாம்? சத்திர சிகிச்சை தவிர வேறு என்ன வழி? சூலகத்தை ஏன் எடுக்க வேண்டும்? கடைசிக் கேள்விக்கு வைத்தியர் சற்று நேரம் எடுத்தே பதில் சொன்னார். இந்த வயதில் இரண்டு சூலகங்களையும் எடுத்தால் மாதவிடாய் நிறுத்தம் ஒரே நாளில் வந்துவிடும், எலும்பும் இதயமும் அதனால் பாதிக்கப்படலாம், சூலகத்தில் கோளாறோ குடும்பத்தில் அந்தப் புற்றுநோயோ இல்லாவிட்டால் அவற்றை விட்டுவைப்பதே தனது விருப்பம் என்றார். 45 வயதைத் தாண்டியவருக்கு இப்படி இரத்தம் போனால் கர்ப்பப்பையின் உட்சவ்விலிருந்து ஒரு மாதிரி எடுத்துப் பார்க்காமல் எதையும் தீர்மானிக்கக் கூடாது என்றும் சொன்னார். முதலில் இரும்புச்சத்து ஏற்றினார்கள். மாதிரியில் பிழையில்லை என்று வந்தது. பிறகு ஹோர்மோன் லூப் வைத்தார்கள்.

அதோடு சுகமாகிவிட்டது என்று எழுதத்தான் எனக்கும் ஆசை. நான்காம் மாதத்தில் அந்த லூப் தானாக வெளியே வந்துவிட்டது. கட்டி உள்ளவர்களுக்கு அப்படி நடப்பதுண்டு என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அதன் பிறகுதான், “இனி எடுக்கட்டும்” என்று அக்காவே முடிவு செய்தாள். முதல் நாள் சொன்னதையே கடைசியில் செய்தாயே, இவ்வளவு அலைச்சல் எதற்கு என்று மாமி கேட்டார். அலைச்சலால் இரண்டு சூலகங்கள் மிஞ்சின. 8.1 இரத்தத்தோடு மேசையில் ஏறாமல் 11.6 உடன் ஏறினாள்.

ஒன்று சொல்ல வேண்டும். எல்லா வருத்தமும் இப்படிப் பொறுக்காது. மயக்கம் வருமளவுக்கு இரத்தம் போனாலோ, மாதவிடாய் நின்று ஒரு வருடத்துக்குப் பிறகு ஒரு துளி பட்டாலோ கொப்பி எழுதிக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இரண்டாவது கருத்துக் கேட்கிறோம் என்று மாதங்களைக் கடத்துவதும் ஆபத்துத்தான். முதல் வைத்தியர் கோபிப்பாரோ என்ற பயமும் வேண்டாம். “இன்னொருவரிடமும் கேட்க விரும்புகிறேன், அறிக்கைகளைத் தாருங்கள்” என்று மரியாதையாகச் சொன்னால் போதும்.

சத்திர சிகிச்சைக்கு முதல் நாள் ஒப்புதல் படிவம் வந்தது. அத்தான் பேனையை எடுத்தார். அக்கா அதை வாங்கி, தாதியிடம் தமிழில் வாசிக்கச் சொல்லி, சூலகம் பற்றிய வரியை மறுபடியும் கேட்டுவிட்டுத் தானே கையெழுத்திட்டாள்.

இரண்டு மாதத்தில் பாடசாலைக்குத் திரும்பிவிட்டாள். அந்தக் கொப்பியின் மிச்சப் பக்கங்களில் இப்போது அவளோடு படிப்பிக்கும் ஒரு ரீச்சர் திகதி எழுதுகிறார்.