ஏ.ஜி. வீட்டுப் பிள்ளைகள்

டெல்லியில் ஓர் அலுவலகத்தில், என் பெயருக்கு முன்னால் நிற்கும் இரண்டு எழுத்துகளை விளக்கப் போய் அரை மணி நேரத்தைத் தொலைத்திருக்கிறேன். "முதல் எழுத்து சொந்த ஊர், அடுத்தது அப்பா பெயர்" என்றேன். "சரி, உங்கள் குடும்பப் பெயர் என்ன?" என்று மறுபடி ஆரம்பித்தார் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர். அப்படி ஒன்று கிடையாது என்றால் நம்ப மாட்டேன் என்கிறார். வெளியே வந்து டீ குடிக்கும்போதுதான் தோன்றியது, ஏ.ஜி. ராம் சிங்கை உதாரணம் காட்டியிருக்கலாமே என்று. ஏ என்றால் அமிர்தசரஸ். ஜி என்றால் கோவிந்த்சிங். ஊர், தகப்பன் பெயர், அப்புறம் தன் பெயர். கும்பகோணத்துக்காரர் எப்படி இனிஷியல் போட்டுக்கொள்வாரோ அப்படியே போட்டுக்கொண்ட ஒரு சீக்கியர்.

பூர்வீகம் எது என்பதைத்தான் பெயரே சொல்லிவிடுகிறதே. பிறந்தது 1910இல், சென்னையில். இடது கைச் சுழற்பந்து வீச்சாளர். மட்டை பிடிப்பதும் இடது கையால்தான்.

ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் தொடங்கியது. மெட்ராசும் மைசூரும் மோதின. முதல் பந்தை வீசியவர் எம்.ஜே. கோபாலன் என்பது வினாடி வினா நடத்துகிறவர்களுக்கு மனப்பாடம். அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. மைசூர் 48 ரன்னுக்குச் சுருண்டது. மெட்ராஸ் எடுத்ததும் ஒன்றும் மலை இல்லை, 130. இரண்டாவது முறை ஆட வந்த மைசூர் 59இல் முடிந்துபோனது. எல்லாம் அன்று ஒரே நாளில்! மறுநாளைக்கென்று லீவு போட்டு வைத்திருந்தவர்கள் என்ன செய்தார்களோ.

அந்த ஸ்கோர் கார்டில் ராம் சிங்கின் கணக்கைப் பாருங்கள்: முதலில் 19 ரன்னுக்கு 6 விக்கெட், அடுத்து 16 ரன்னுக்கு 5. மொத்தம் 35 ரன் கொடுத்து 11 பேரை அனுப்பியிருக்கிறார். அப்போது வயது 24. பிற்பாடு, ரஞ்சியில் ஆயிரம் ரன், நூறு விக்கெட் என்ற இரண்டு எல்லைகளையும் தொட்ட முதல் ஆள் அவர்தான்.

இவ்வளவு செய்தவருக்கு ஒரு டெஸ்ட்கூடக் கிடைக்கவில்லை. 1936இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய அணியில் மெட்ராசிலிருந்து கோபாலனும் சி. ராமஸ்வாமியும் இருந்தார்கள். ராம் சிங் இல்லை. அந்தத் தொடர் முடிந்தபின் உலகப்போர் வந்தது. பத்து வருடம் இந்தியா டெஸ்டே ஆடவில்லை. இருபத்தாறிலிருந்து முப்பத்தாறு வரை ஓர் ஆட்டக்காரனுக்கு எப்பேர்ப்பட்ட வயது! 1946இல் மறுபடி ஓர் அணி புறப்பட்டபோதும் பட்டியலில் அவர் பெயர் இல்லை. தகுதிக் குறைவு என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். அதிகாரபூர்வமல்லாத டெஸ்ட்களில் இந்தியாவுக்காக ஆடியவர்தானே அவர்.

ஆடுவதை நிறுத்தியதும் ஆடக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார். வீட்டிலேயே ஒரு படை இருந்தது. நான்கு மகன்கள் முதல்தரக் கிரிக்கெட் வரை போனார்கள். நம் ஊர் வழக்கப்படி பார்த்தால் பிள்ளைகளுக்கு 'ஆர்' என்றல்லவா இனிஷியல் வரவேண்டும், ராம் சிங்கின் மகன் என்பதற்காக? அவர்களும் ஏ.ஜி.தான். தாத்தாவின் ஊரும் தாத்தாவின் பெயருமே பேரப்பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொண்டன. இனிஷியலே குடும்பப் பெயராகிவிட்டது. டெல்லிக்காரர் கேட்டாரே, அது இந்த வீட்டில் இருந்தது.

மெட்ராஸ் இரண்டு முறை ரஞ்சி இறுதியாட்டம் வரை போய்த் தோற்ற அணி. அந்தக் குறை தீர்ந்தது 1955இல், இந்தூரில், ஹோல்கர் அணியை வென்றபோது. மூத்தவர் கிருபால் சிங் அந்த ஆட்டத்தில் அடித்தது 75உம் 91உம். கூடவே ஏழு விக்கெட். அதே வருடம் நவம்பரில் ஹைதராபாத்தில் நியூசிலாந்துக்கு எதிராக முதல் டெஸ்ட். உம்ரிகர் 223, மஞ்ச்ரேக்கர் 118 என்று பெரியவர்கள் வெளுத்து வாங்கிய இன்னிங்ஸில் 22 வயதுப் பையன் 100 ரன் எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றான். இந்தியா டிக்ளேர் செய்தது. அப்பாவுக்கு அப்போது வயது 45.

அடுத்தவர் மில்கா சிங். ஓட்டக்காரர் மில்கா வேறு. இருவரும் ஒரே காலத்தில் பேப்பரில் வந்து குழப்பியிருக்கிறார்கள். இந்த மில்கா 18 வயதில், 1960 ஜனவரியில், ஆஸ்திரேலியாவுக்கு எதிராகச் சொந்த ஊரிலேயே டெஸ்டில் இறங்கினார், கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில். 1961-62 இங்கிலாந்துத் தொடரில் அண்ணனும் தம்பியும் ஒரே டெஸ்டில் சேர்ந்து ஆடினார்கள். அண்ணனுக்கு மொத்தம் 14 டெஸ்ட், தம்பிக்கு 4. கிருபாலுக்கு அந்த முதல் சதமே கடைசிச் சதமும் ஆனது. இன்னும் கொஞ்சம் ஆடியிருக்கலாம் என்ற ஆதங்கம் இரண்டு பேரைப் பற்றியும் உண்டு.

பழைய படங்களில் கிருபாலைத் தேடினால் இரண்டு ஆட்கள் கிடைப்பார்கள். ஒருவர் தலைப்பாகையும் தாடியுமாக இருப்பார். இன்னொருவர் இரண்டும் இல்லாமல். காதலித்த பெண்ணைக் கைப்பிடிக்கக் கிறிஸ்தவத்துக்கு மாறினார் அவர். பெரியவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்ப்பதோடு நான் நிறுத்திக்கொள்கிறேன், வீட்டுக்குள் போவது நம் வேலை இல்லை. ஸ்கோர் கார்டில் மட்டும் அதற்குப் பிறகும் ஏ.ஜி. கிருபால் சிங் என்றேதான் அச்சானது.

பிற்காலத்தில் அதே கிருபால் தேசியத் தேர்வாளரானார். ராம் சிங்கின் பெயரை இரண்டு முறை எழுதாமல் விட்ட அந்தப் பட்டியலை எழுதும் இடத்தில் அவர் மகன். அந்தப் பொறுப்பில் இருக்கும்போதே, 1987 ஜூலையில், 53 வயதில் மாரடைப்பில் போய்விட்டார். பெரியவர் இருந்தார். 1999 வரை இருந்தார்.

மகன் போன ஒன்றரை வருடத்தில், 1988-89 ரஞ்சியில், கோவாவுக்கு எதிராகத் தமிழ்நாடு 6 விக்கெட்டுக்கு 912 அடித்து டிக்ளேர் செய்தது. ஒரே இன்னிங்ஸில் இரண்டு முச்சதங்கள். ஒன்று டபிள்யூ.வி. ராமன், 313. டபிள்யூ என்றால் ஊர்க்கேரி. இன்னொன்று ஆட்டமிழக்காமல் 302. அந்தப் பெயருக்கு முன்னால் இனிஷியல் எதுவும் இல்லை. அர்ஜன் கிருபால் சிங் என்று, நடுவில் அப்பா பெயரோடு, நீளமாக அச்சாகியிருந்தது.