நீல முத்திரைக்குப் பின்னால்

ஐரோப்பிய, அமெரிக்கப் பேரங்காடிகளில் சில மீன் பொட்டலங்களின் மேல் மீன் உருவம் கொண்ட நீல முத்திரை ஒன்று இருக்கும். கடல்வளம் குன்றாமல் பிடித்த மீனுக்கு எம்.எஸ்.சி. (மரைன் ஸ்டூவர்ட்ஷிப் கவுன்சில்) என்ற அமைப்பு தரும் முத்திரை அது. அதற்குப் பின்னால் ஒரு துயரம் உண்டு. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் அள்ள அள்ளக் கிடைத்த காட் மீன் அற்றுப்போகும் நிலைக்கு வர, 1992-இல் அரசு அதைப் பிடிக்கவே தடை போட்டது. பல்லாயிரம் பேர் பிழைப்பை இழந்தார்கள். ஐந்தாண்டுகள் கழித்து யூனிலீவர் நிறுவனமும் உலக இயற்கை நிதியமும் சேர்ந்து எம்.எஸ்.சி.யைத் தொடங்கின.

இனம் பெருகும் அளவுக்குக் கடலில் மீனை விட்டுவைக்கிறார்களா, வலையில் வேறு உயிர்கள் சிக்கி மடிகின்றனவா என்று வெளியாட்கள் ஆராய்ந்த பிறகே முத்திரை கிடைக்கும். கடைக்கு வரும்வரை முத்திரை பெற்ற மீன் மற்றதோடு கலக்கக்கூடாது. அமெரிக்காவின் ஹோல் ஃபுட்ஸ் அங்காடி 2012-இல், தவிர்க்க வேண்டியவை என்று ஆய்வாளர்கள் சிவப்புக் குறியிட்ட கடல்மீன்களை விற்பதையே நிறுத்தியது.

மீன் பிழைத்தால் போதுமா? பிடிப்பவர்? 2015-இல் இந்தோனேசியாவின் பெஞ்சினாவில் கூண்டில் அடைபட்டிருந்த படகுத் தொழிலாளர்களை அசோசியேட்டட் பிரஸ் செய்தியாளர்கள் கண்டார்கள். அத்தகைய தொழிலாளர்கள் பிடித்த மீன் அமெரிக்கக் கடைகள்வரை போயிருந்தது. செய்தி வெளியானபின் விடுதலையானவர்கள் 2,000 பேருக்கும் மேல்.