மலைவழிச் சைக்கிள் பந்தயத்தில் உணவும் நீரும்

மோட்டார் வண்டி ஓட்டுவோன் எண்ணெய் எவ்வளவு எஞ்சியுள்ளது என்பதைத் தன் முன்னுள்ள முள்ளைப் பார்த்து அறிந்துகொள்கிறான். மனித தேகமும் ஆகாரமென்னும் எரிபொருளால் இயங்கும் ஓர் இயந்திரமே. ஆயினும் அதில் அத்தகைய முள் ஒன்றும் இல்லை. பசியே அம்முள் என்று பலர் கருதுவர். அன்றாட வாழ்க்கைக்கு அஃது ஒருவாறு பொருந்தும். பத்து மணி நேரம் இடைவிடாது மலையேறி இறங்கும் ஒருவனுக்கோ பசி நம்பத்தக்க வழிகாட்டியன்று. அது காலந்தாழ்த்தே வரும். சில வேளைகளில் வரவே வராது. இவ்வுண்மையையும், இதனின்று பிறக்கும் உணவு முறையையும், நெடுந்தூர மலைவழிச் சைக்கிள் பந்தயத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டு விளக்குவோம்.

பந்தயத்தின் இயல்பு

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், கொலராடோ மாகாணத்து ராக்கி மலைகளின் நடுவே லெட்வில் என்னும் சிற்றூர் உள்ளது. அது கடல்மட்டத்திற்கு மேல் 10,000 அடிக்குச் சற்று அதிகமான உயரத்தில் அமைந்தது. அதன் அருகேயுள்ள கிளைமாக்ஸ் என்னும் மாலிப்டினச் சுரங்கம் 1980-ஐ அடுத்த ஆண்டுகளில் வேலையை நிறுத்தவே, ஊரார் பலர் பிழைப்பை இழந்தனர். வெளியூராரை வரவழைத்து ஊரை உயிர்ப்பிக்க எண்ணிய கென் க்ளோபர் என்னும் சுரங்கத் தொழிலாளர் 1983-ம் ஆண்டில் அங்கே 100 மைல் ஓட்டப் பந்தயம் ஒன்றை ஏற்படுத்தினார். 1994-ம் ஆண்டில் அதே மலைகளில் சைக்கிள் பந்தயமும் தொடங்கிற்று.

இப்பந்தயத்தில் மண்பாதையிலும் கல்வழியிலும் ஏறக்குறைய 100 மைல் செல்லவேண்டும். பாதி வழியில் கொலம்பைன் என்னும் பழைய சுரங்கம் 12,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் நிற்கிறது. அங்கே திரும்பி, பெரும்பாலும் வந்த வழியே ஊர் சேரவேண்டும். 12 மணி நேரத்திற்குள் முடிப்போர்க்கு அரைக்கச்சையில் அணியும் கொக்கி ஒன்று பரிசாகக் கிடைக்கும். ஏறக்குறைய 80-ம் மைலில், மின்சாரக் கம்பிகள் செல்லும் வழியே, செங்குத்தான ஏற்றம் ஒன்று உண்டு. பலர் அவ்விடத்தில் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டே செல்வர். காலையில் உண்ணாது விட்டதன் பயனை மாலையில் அறியுமிடம் அதுவே.

தேகத்தின் இரு களஞ்சியங்கள்

நம் தேகத்தில் எரிபொருள் இரண்டு களஞ்சியங்களில் சேமித்து வைக்கப்பட்டுள்ளது. ஒன்று கொழுப்பு. மெலிந்த மனிதனிடத்தும் இது பல ஆயிரம் கிராம் உண்டு. ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி வெப்பம் தரும். ஆதலின் இக்களஞ்சியம் ஒரே நாளில் தீர்ந்துபோவதன்று. மற்றொன்று, சர்க்கரையின் மூலக்கூறுகள் பல கோத்த கிளைக்கோஜன் என்னும் மாப்பொருள். தசைகளில் இது 400 அல்லது 500 கிராமும், ஈரலில் ஏறக்குறைய 100 கிராமும் இருக்கும். ஒரு கிராமுக்கு 4 கலோரி வீதம், இதனால் கிடைப்பது 2,000 கலோரி அளவே.

பெருங்களஞ்சியம் ஒன்று இருக்கச் சிறு களஞ்சியத்தைப்பற்றி ஏன் கவலைப்படவேண்டும் என்று கேட்கலாம். கொழுப்புக் களஞ்சியம் பெரிது. ஆனால் அதன் வாயில் சிறிது. மிதமான பயிற்சியுள்ளோர் பெரும்பாலோர்க்கு நிமிஷத்திற்கு அரைக் கிராம் அளவே கொழுப்பு எரியும். வேகம் கூடக்கூட அதுவுங் குறைந்து, தேகம் மாப்பொருளையே நாடும். மேலும், ஒரே அளவு பிராணவாயுவைக்கொண்டு கொழுப்பினின்று பெறுவதைவிட மாப்பொருளினின்று சற்று அதிக சக்தி பெறலாம். 10,000 அடி உயரத்தில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஏறக்குறைய நூற்றுக்கு எழுபது பங்கே. பிராணவாயு அரிதாகிய அவ்விடத்தில் மாப்பொருளின் அருமை பின்னும் மிகும்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். மலைவழியில் மிதமான வேகத்தில் செல்லும் ஒருவன் மணிக்கு 600 கலோரி செலவிடுகிறான் என்று கொள்வோம். பத்து மணி நேரத்திற்குச் செலவு 6,000 கலோரி. கொழுப்பு மணிக்கு 30 கிராம் வீதம் எரிந்தால் 2,700 கலோரி வரவு. கிளைக்கோஜன் முழுதும் தீர்ந்தால் 2,000 கலோரி வரவு. ஆக 4,700. பற்றாக்குறை 1,300 கலோரி. இதனை வழியில் உண்டே ஈடுசெய்ய வேண்டும், வேறு வழியில்லை. உண்ணாதவன் எத்துணை மனவுறுதி உடையவனாயினும் இக்கணக்கை வெல்ல இயலாது.

கிளைக்கோஜன் தீர்ந்தால் நேர்வது யாது? கால்கள் கனத்துப்போம். ஈரலின் சேமிப்பும் குன்றி இரத்தத்தில் சர்க்கரை குறைந்தால், அதனையே பெரிதும் நம்பியிருக்கும் மூளை தளரும். தலை சுற்றலும், நடுக்கமும், காரணமற்ற சினமும், எதனையும் தீர்மானிக்க மாட்டாத மயக்கமும் தோன்றும். இந்நிலையைச் சைக்கிள் ஓட்டுவோர் ‘பாங்க்’ என்று குறிப்பர். சாலையில் ஓடுவோன் இந்நிலையில் ஓரமாக உட்கார்ந்துவிடலாம். கல் நிறைந்த சரிவில் விரைந்திறங்கும் சைக்கிள்காரனுக்கோ கணநேர மயக்கமும் எலும்பு முறிவாக முடியக்கூடும்.

ஆராய்ச்சி காட்டிய வழி

இவ்வுண்மை படிப்படியாகவே வெளிப்பட்டது. 1924-ம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நடந்த மாரத்தான் ஓட்டத்தின் முடிவில், வைத்தியர் சிலர் ஓடினவர்களின் இரத்தத்தைச் சோதித்தனர். மிகவும் சோர்ந்து வந்தவர்களின் இரத்தத்தில் சர்க்கரை பெரிதும் குறைந்திருந்தது. மறு ஆண்டில் சில ஓட்டக்காரரை முன்னதாகவே மாப்பொருள் மிகுந்த உணவை உண்ணச் செய்து, ஓடும்பொழுது மிட்டாயும் தின்னச் செய்தனர். அவர்களுடைய இரத்தச் சர்க்கரை குறையவில்லை. அவர்கள் முன்னிலும் நல்ல நிலையில் ஓடி முடித்தனர்.

1939-ம் ஆண்டில் கிறிஸ்டென்சன், ஹான்சன் என்னும் ஸ்காண்டினேவிய அறிஞர் இருவர், மாப்பொருள் மிகுந்த உணவை உண்டவர் கொழுப்பு மிகுந்த உணவை உண்டவரினும் நெடுநேரம் உழைக்கக்கூடும் என்று காட்டினர். 1960-ஐ அடுத்த ஆண்டுகளில் ஸ்வீடன் நாட்டு பெர்க்ஸ்ட்ராம், ஹுல்ட்மன் என்போர் தொடையிலிருந்து ஊசியால் சிறு தசைத்துணுக்கை எடுத்து, அதிலுள்ள கிளைக்கோஜனை நேரே அளந்தனர். உழைக்க உழைக்க அது குறைவதும், உணவால் அதனைப் பெருக்கலாம் என்பதும் ஐயமின்றி விளங்கின. இதுபற்றியே பந்தயத்திற்கு முந்திய ஓரிரு நாட்களில் சோறு, ரொட்டி, உருளைக்கிழங்கு முதலியவற்றை மிகுதியாக உண்டு களஞ்சியத்தை நிரப்புகின்றனர். பந்தய நாளன்று சுமார் மூன்று மணி நேரத்திற்கு முன் எளிதிற் செரிக்கும் உணவு கொள்வர். நாரும் கொழுப்பும் மிகுந்தவற்றை விலக்குவர்.

குடலின் குறுகிய வாயில்

உண்பது நன்றென்றால் மிகுதியாக உண்பது மிகவும் நன்றோ எனின், அன்று. சர்க்கரை குடலினின்று இரத்தத்திற் புகுவதற்கும் குறுகிய வாயில்களே உண்டு. குளுக்கோஸ் என்னும் சர்க்கரை சோடியம் என்னும் உப்புப் பொருளோடு கைகோத்தே குடற்சுவரைக் கடக்கிறது. நீரும் அவற்றைத் தொடர்கிறது. இவ்வமைப்பை 1960-ம் ஆண்டில் ராபர்ட் கிரேன் என்னும் அறிஞர் எடுத்துரைத்தார். வாந்திபேதியால் வாடுவோர்க்கு உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் கொடுக்கும் சிகிச்சைக்கு அடிப்படை இதுவே. 1971-ம் ஆண்டில் வங்காளத்துப் பன்கான் அகதி முகாமில் திலீப் மகலானபிஸ் என்னும் வைத்தியர் அந்நீரைக்கொண்டே எண்ணற்ற உயிர்களைக் காத்தார். நோயாளியைக் காக்கும் நீரும் பந்தயக்காரன் பருகும் நீரும் ஒரே தத்துவத்தைப் பற்றியவை என்பது வியக்கத்தக்கது.

குளுக்கோஸ் புகும் வாயில் வழியே மணிக்கு ஏறக்குறைய 60 கிராம் சர்க்கரைதான் செல்லும். பழச்சர்க்கரையாகிய பிரக்டோஸுக்கு வேறொரு வாயில் உண்டு. இரண்டையும் கலந்து உட்கொண்டால் மணிக்கு 90 கிராம் வரையிலும் பயன்படுத்தலாம் என்று பின்னர் வந்த ஆராய்ச்சிகள் காட்டின. நாம் நாள்தோறும் வழங்கும் சர்க்கரையில் இவ்விரண்டும் சமபங்காகவே இணைந்துள்ளன. ஆகவே விலையுயர்ந்த பண்டங்கள்தாம் வேண்டுமென்பதில்லை. நடுத்தரமான வாழைப்பழம் ஒன்றில் ஏறக்குறைய 25 கிராம் மாப்பொருள் உண்டு. பெரிய கரண்டிச் சர்க்கரையில் சுமார் 12 கிராம். சோற்றை அழுத்திச் சிறு கட்டிகளாக வெட்டிக் காகிதத்தில் மடித்து எடுத்துச் செல்லும் வழக்கம் மேனாட்டுச் சைக்கிள்காரரிடத்தும் உண்டு.

வாயில் கொள்ளாத அளவு உண்டால், மிஞ்சியது குடலில் தங்கி நீரை இழுத்து, வயிற்றுப் பொருமலும் குமட்டலும் உண்டாக்கும். உழைக்குங்கால் இரத்தம் பெரும்பாலும் தசைகளுக்கே செல்வதால் வயிறு ஏற்கெனவே தளர்ந்திருக்கும். கரடுமுரடான வழியின் குலுக்கலும் அதனை வருத்தும். ஆதலின் கால்களைப் போலவே வயிற்றையும் பழக்கவேண்டும். பல வாரங்களுக்கு முன்பே, நீண்ட பயிற்சி நாட்களில், பந்தயத்தில் உண்ண எண்ணியதையே அதே அளவில் உண்டு பழகுதல் நலம். பந்தய நாளன்று புதிய பண்டம் எதனையும் சோதிக்கலாகாது.

உண்ணும் காலமும் இடமும்

மலைவழியில் உண்பதற்குத் தனித்த இடையூறு ஒன்றுண்டு. சாலையில் செல்வோன் ஒரு கையை எடுத்து எப்பொழுதும் உண்ணலாம். கல்லும் வேரும் நிறைந்த இறக்கத்திலோ இரு கைகளும் பிடியை விட்டு அகலலாகாது. செங்குத்தான ஏற்றத்தில் மூச்சு வாங்குவதால் மெல்லவும் விழுங்கவும் முடியாது. எஞ்சியவை சமமான பாதைகளும் இலேசான ஏற்றங்களுமே. அவை எங்கெங்கே வருகின்றன என்பதை வரைபடத்தில் முன்னரே குறித்துக்கொள்வது அறிவுடைமை. லெட்வில் பந்தயத்தில் கொலம்பைன் ஏற்றத்திற்கு முன்னுள்ள தாழ்ந்த நிலப்பகுதி அத்தகையது. அங்கே உண்ணாதவன் அடுத்த நெடிய ஏற்றத்தில் உண்ணப்போவதில்லை.

முதல் உணவு புறப்பட்ட அரைமணி நேரத்திற்குள் தொடங்கவேண்டும். பின்னர் இருபது நிமிஷத்திற்கொருமுறை சிறிது சிறிதாக உண்ணவேண்டும். அப்பொழுது பசியிராது; ஆயினும் உண்ணவேண்டும். கடுமையான உழைப்பும் உயர்ந்த மலைக்காற்றும் பசியை அடக்கும் இயல்புடையன. பசித்தபின் உண்போம் என்று காத்திருப்பவன், களஞ்சியம் வெறுமையான பின்னரே கதவைத் திறக்கிறான். உண்டது உடனே தசையை அடைவதில்லை. அதற்குள் பல மைல் கடந்துவிடும்.

தூய்மையும் மறத்தலாகாது. 2007-ம் ஆண்டில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், சேறு நிறைந்த வழியில் நடந்த மலைச் சைக்கிள் பந்தயம் ஒன்றின்பின், பலர் காம்பிலோபாக்டர் என்னும் கிருமியால் வயிற்றுப்போக்குற்றனர். வாயிற்பட்ட சேறே காரணமென்று கண்டனர். நீர்க்குப்பியின் வாய்க்கு மூடி இடுவதும், குடிக்குமுன் அதனைத் துடைத்துக்கொள்வதும் சிறு செயல்களே. ஆனால் பயன் பெரிது.

நீரும் உப்பும்

உணவைப் பசிக்கு முன்பே கொள்ளவேண்டும் என்றோம். நீரையும் அவ்வாறே தாகத்திற்கு முன் மிகுதியாகக் குடிக்கவேண்டும் என்று ஒரு காலத்தில் பலர் போதித்தனர். அதனால் விளைந்த தீங்கு சிறிதன்று. வேர்வையில் நீரோடு உப்பும் செல்கிறது. ஒரு லிட்டர் வேர்வையில் ஏறக்குறைய ஒரு கிராம் சோடியம் இருக்கும். வெளியேறியதினும் மிகுதியாக வெறும் நீரைக் குடித்தால் இரத்தத்திலுள்ள உப்பு நீர்த்துப்போம், மூளை வீங்கும், வலிப்பும் மரணமும் நேரக்கூடும். தென்னாப்பிரிக்காவின் காம்ரேட்ஸ் ஓட்டத்தில் 1981-ம் ஆண்டில் இவ்வாறு நோயுற்ற ஒருவரைப்பற்றியும் வேறு சிலரைப்பற்றியும் டிம் நோக்ஸ் என்னும் வைத்தியர் 1985-ம் ஆண்டில் எழுதினார். 2002-ம் ஆண்டின் பாஸ்டன் ஓட்டத்தில் 488 பேருடைய இரத்தத்தைச் சோதித்தபொழுது, நூற்றுக்கு 13 பேரிடத்தில் சோடியம் குறைந்திருக்கக் கண்டனர்.

ஆகவே பொதுவாகத் தாகத்தின் அளவே குடித்தல் தகும். பெரும்பாலோர்க்கு மணிக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் வரையில் போதும். வெப்பத்திற்கும் வேர்வைக்கும் ஏற்ப இது வேறுபடும். நீரில் சிறிது உப்புச் சேர்ப்பது நல்லதே. ஆனால் உப்பிட்டதாலேயே அளவின்றிக் குடிக்கலாம் என்று எண்ணுதல் தவறு. பந்தயம் முடிந்தபின் ஒருவன் புறப்பட்டபோதிருந்ததைவிட எடை கூடியிருந்தால், அவன் மிகுதியாகக் குடித்தான் என்பது தெளிவு.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றின் சாரம் இரண்டு வாக்கியங்களில் அடங்கும்: கடிகாரத்தைப் பார்த்து உண்க, தாகத்தைக் கேட்டுக் குடிக்க. பசி காலந்தாழ்த்து வரும் ஏவலாள். தாகமோ பெரும்பாலும் நம்பத்தக்க ஏவலாள். இவ்விரண்டையும் மாற்றிக் கொண்டவர்கள் மலைமேல் வருந்தினர்.

மாணவ நண்பர்கள் ஒன்று நினைவிற் கொள்ளவேண்டும். இங்குக் கூறிய சர்க்கரை நெடிய உழைப்புள்ள நாட்களுக்கே உரியது. நாற்காலியில் அமர்ந்து படிக்கும் நாட்களுக்கன்று. நீரிழிவு முதலிய நோயுடையோர் வைத்தியரைக் கேட்டே நடத்தல்வேண்டும். மற்றபடி, நெடுந்தூர ஓட்டமோ, மலையேற்றமோ, சைக்கிள் பயணமோ எதனை மேற்கொள்ளினும் இவ்விதிகள் பொருந்தும். ஊக்கமும் மனவலிமையும் சிறந்தனவே. ஆயினும் 80-ம் மைலில் எதிர்ப்படும் ஏற்றம் அவற்றோடு அமையாது, முதல் மணி நேரத்தில் உண்ட வாழைப்பழத்தையும் கணக்குக் கேட்கும்.