பேசத் தயங்கிய மோசே

கிராமக் கூட்டங்களில் காணி, குளம், விதைநெல் பற்றிப் பேச்சு வரும்போது, விடயத்தை நன்கு அறிந்த கமக்காரரே பெரும்பாலும் மௌனமாக இருந்துவிடுகிறார். எழுந்தால் கால் நடுங்குகிறது, நா வறள்கிறது. “படிக்காத எனக்கு என்ன தெரியும்?” என்ற எண்ணம் வாயைக் கட்டிவிடுகிறது. இடம்பெயர்ந்து, நிவாரண வரிசையில் ஆண்டுக்கணக்காக நின்றவர்களுக்கு இந்த எண்ணம் இன்னும் ஆழமாக வேரூன்றியிருக்கும்.

மோசேயும் இடம்பெயர்ந்தவரே. எகிப்திலிருந்து உயிர் தப்பி மீதியானுக்கு ஓடி, மாமனாரின் ஆடுகளை மேய்த்தார். மகனுக்கு அவர் இட்ட கெர்சோம் என்ற பெயரே, அந்நிய நாட்டில் வாழ்பவரின் வேதனையைச் சொல்வது. பார்வோனிடம் போய்ப் பேசும்படி கடவுள் அழைத்தபோது, நான் யார் என்றார். என்னை நம்பமாட்டார்கள் என்றார். என் நாவு மந்தமானது என்றார். கடைசியில் வேறொருவரை அனுப்பும்படி கெஞ்சினார் (யாத்திராகமம் 3, 4).

கடவுள் அவருடைய நாவை அந்த இடத்திலேயே மாற்றிவிடவில்லை. மூன்று காரியங்களைச் செய்தார். தாம் கூடவே இருப்பதாக வாக்களித்தார். மேய்ப்பனின் கையிலிருந்த கோலையே பயன்படுத்தினார். அண்ணன் ஆரோனைத் துணையாகக் கொடுத்தார். பார்வோன் முன் நின்றபோது மோசேக்கு வயது 80, ஆரோனுக்கு 83.

இதில் நமக்குப் பாடம் உண்டு.

முதலாவது, ஜெபத்தோடு போங்கள். நெஞ்சு படபடப்பது விசுவாசக் குறைவு அல்ல. பவுலும் கொரிந்தியரிடம் பயத்தோடும் நடுக்கத்தோடும் வந்ததாகவே எழுதியிருக்கிறார். எழுமுன் மூச்சை ஆறுதலாக இழுத்து மெதுவாக விடுங்கள், படபடப்புத் தணியும்.

இரண்டாவது, உங்கள் கையில் இருப்பதை எடுத்துச் செல்லுங்கள். காணி உறுதி அல்லது அனுமதிப்பத்திரம், எத்தனை ஏக்கர், எந்தக் குளத்துத் தண்ணீர், கடைசியாக விதைத்தது எந்தப் போகம் என்பவற்றைத் தாளில் எழுதி வையுங்கள். பத்திரம் தொலைந்திருந்தால் அதையும் எழுதுங்கள். அழகாகப் பேசத் தேவையில்லை; உள்ளதைச் சொன்னால் போதும்.

மூன்றாவது, ஓர் ஆரோனைத் தேடுங்கள். இருவராகப் போனால், ஒருவர் திக்கும்போது மற்றவர் எடுத்துக் கொடுப்பார். கணவனை இழந்து தனியே குடும்பத்தை நடத்தும் சகோதரிகளுக்கு மாதர் சங்கத்தவர் இப்படித் துணை நிற்கலாம்.

பழக்கமும் வேண்டும். ஜெபக்கூட்டத்தில் வேதபகுதி வாசியுங்கள். பின்னர் ஓர் அறிவித்தல் சொல்லுங்கள். சபைக்கூச்சம் ஒரே நாளில் போகாது. களை பிடுங்குவதுபோல மீண்டும் மீண்டும் பிடுங்கவேண்டும்.

பேச வராது என்ற அந்த மோசே, யோர்தானுக்கு இக்கரையில் நின்று மக்களுக்குச் சொன்னவையே உபாகமத்தின் பெரும்பகுதி. வாக்களிக்கப்பட்ட நாட்டுக்குள் அவர் போகவில்லை. ஆனால், போகவேண்டிய பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டியதைச் சொல்லி முடித்தார். நமது காணியைப் பற்றி, நமது பிள்ளைகளுக்காக, நாமும் வாய் திறப்போம். கூட இருப்பவர் கடவுள்.