முத்துச்சரம் வாடினால் உங்கள் கைராசி காரணமல்ல

கேமரன் மலைக்குப் போய் வந்தால் ஸ்டிராபெரியோடு ஒரு சிறு தொட்டியும் காரில் ஏறிவிடுகிறது. பச்சைப் பட்டாணியை நூலில் கோத்துத் தொங்கவிட்டது போன்ற ‘ஸ்டிரிங் ஆஃப் பேர்ல்ஸ்’ செடி. ஆயர் குரோவிலோ ஜாசினிலோ வீட்டு முன்புறம் மாட்டிய சில வாரங்களில் மணிகள் வெளுத்து, தொட்டால் நீராய்க் கசியும். “நமக்குச் செடி ராசியில்லை” என்று விட்டுவிடுகிறோம். இரண்டு தொட்டிகளைப் பறிகொடுத்த நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அந்தச் செடியின் பிறந்த ஊர் தென்னாப்பிரிக்காவின் வறண்ட பகுதி. நனைந்தால் சீக்கிரம் காய்ந்துவிடும் மண்ணுக்குப் பழகிய வேர் அதற்கு. மலாக்காவிலோ ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 மில்லிமீட்டர் மழை, இரவிலும் புழுக்கம். மண் காய்வதற்குள் வேர் அழுகிவிடுகிறது.

தொங்கும் சதைப்பற்றுச் செடிதான் வேண்டுமென்றால் நம்மூர் மரங்களை அண்ணாந்து பாருங்கள். சாலையோர மரங்களிலும் செம்பனைத் தண்டுகளிலும் காசு காசாய்த் தடித்த இலைகள் படர்ந்திருக்கும். மலாய்க்காரர்கள் ‘டூயிட்-டூயிட்’ என்பார்கள். இந்தப் பெயரில் இரண்டு செடிகள் உண்டு. பட்டையோடு ஒட்டிப் படர்ந்து, இடையிடையே நீண்ட இலையும் விடுவது பெரணி வகை. இலைகள் சோடி சோடியாக அமைந்து, கிள்ளினால் பால் வடிந்து, சரமாய்த் தொங்குவது டிஸ்கிடியா. நாம் தேடுவது இதைத்தான்.

இதன் உறவுச் செடியொன்று எறும்புகளுக்கே வீடு கொடுக்கிறது. பை போன்ற அதன் இலைகளுக்குள் எறும்புகள் குடியிருக்கும். செடி உள்ளேயே வேர்விட்டு, அவை சேர்க்கும் கழிவை உரமாக எடுத்துக்கொள்ளும். அந்த இலைகளின் கரிமத்தில் சுமார் 39 விழுக்காடு எறும்புகளின் மூச்சுக்காற்றிலிருந்து வருவதாக 1995-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு கூறியது. வாடகை என்றால் இதுவல்லவா வாடகை!

டிஸ்கிடியாவைக் காட்டிலிருந்து பிய்த்து வர வேண்டாம். நர்சரியில் கேளுங்கள்; புயல்மழையில் முறிந்து விழுந்த கிளையில் கிடைத்தாலும் போதும். கணு உள்ள துண்டை, பால் காய்ந்த பிறகு, கரித்துண்டும் தேங்காய் மட்டைத் துண்டும் கலந்த தொட்டியில் வையுங்கள். தோட்டமண் வேண்டவே வேண்டாம். உச்சிவெயில் படாத வெளிச்சமான இடம், கலவை காய்ந்தபின் தண்ணீர், அவ்வளவுதான். அடியில் தட்டு வைத்தால் தேங்கும் நீரை அன்றே கொட்டிவிடுங்கள். ஏடிஸ் கொசுவுக்கு அந்த அளவே தாராளம்.

வெயில் கொளுத்தும் அடுக்குமாடி பால்கனியா? பிரண்டை வையுங்கள். தோட்டத்தில் வளர்ந்த பாட்டிமார்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. நான்கு பட்டைத் தண்டில் நீரைச் சேர்த்துவைக்கும் இதுவும் சதைப்பற்றுக் கொடிதான். தொங்கவிட்டால் தொங்கும், கம்பியில் ஏற்றினால் ஏறும். இரண்டு கணு உள்ள துண்டை இரண்டு நாள் நிழலில் உலர்த்தி நட்டால் பிடித்துக்கொள்ளும். துவையலுக்கு இளந்தண்டைக் கிள்ளும்போது கையில் நல்லெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அரிக்கும். கிள்ளக் கிள்ளப் பக்கக்கிளை விடும்.