மோட்டார் சைக்கிளின் பின்புறத் தாங்கிகள்: தேய்வும் பாதுகாப்பும்

சிகந்தராபாத்தை அடுத்துள்ள சைனிக்புரி, ஓய்வுபெற்ற இராணுவத்தினருக்கென எழுந்த குடியிருப்பாகும். அதனைச் சூழ்ந்த நிலத்தின் அடியில் இருப்பது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள் பழமையான கிரானைட் பாறை. அப்பாறை சிதைந்து உண்டான செம்மண்ணில் குவார்ட்ஸ் மணல் மிகுதி. ஆண்டில் பெய்யும் ஏறக்குறைய 800 மில்லிமீட்டர் மழையின் பெரும்பகுதி ஜூன் முதல் அக்டோபர் வரையில் விழுகிறது. அப்பொழுது தார்ச்சாலையை விட்டுச் சரளைப் பாதையிலும் ஏரிக்கரையிலும் இறங்கும் மோட்டார் சைக்கிள், மணல் கலந்த சேற்றைத் தன் அடிப்பாகம் முழுவதும் அப்பிக்கொண்டு திரும்புகிறது. சங்கிலியையும் டயரையும் கழுவுபவர் பலர். ஆசனத்திற்குக் கீழே மறைந்துள்ள மூட்டுகளை நினைப்பவர் சிலரே.

பின் சக்கரம் ஊஞ்சற்கை ஒன்றின் நுனியில் பொருத்தப்பட்டுள்ளது. மெக்கானிக்குகள் இதனை ஸ்விங் ஆர்ம் என்பர். 1955-ஆம் ஆண்டில் சென்னையில் உற்பத்தி தொடங்கிய என்ஃபீல்டு புல்லட்டில், இக்கைக்கும் சட்டத்திற்கும் இடையே இரு பக்கங்களிலும் ஒவ்வொரு ஷாக் அப்சார்பர் நேராக நின்றது, மூட்டுகள் குறைவு. 2016-இல் வெளிவந்த ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் போன்ற வண்டிகளிலோ நடுவில் ஒரே ஷாக் அப்சார்பர் உண்டு. அது சிறு நெம்புகோல்கள் வழியாக ஊஞ்சற்கையுடன் இணைகிறது. சக்கரம் மேலே எழ எழ எதிர்ப்பு படிப்படியாக வலுப்பதற்கே இவ்வேற்பாடு. ஆனால் ஒவ்வொரு நெம்புகோலும் புதியதொரு மூட்டைக் கொண்டுவருகிறது. அம்மூட்டுகள் சேறு தெறிக்கும் இடத்திலேயே அமைந்துள்ளன.

இத்தகைய மூட்டுகள் பலவற்றில் ஊசி உருளைத் தாங்கிகள் பயன்படுகின்றன. குறுகிய இடத்தில் பெரும்பாரத்தைச் சுமக்க வல்லவை இவை. எனினும் இவற்றின் நிலை சக்கரத்தின் அச்சிலுள்ள தாங்கியின் நிலையினின்று வேறானது. அச்சுத் தாங்கி முழு வட்டமாகச் சுழல்வதால் கிரீஸ் எல்லா இடத்திற்கும் பரவுகிறது. ஊஞ்சற்கையின் நீளம் அரை மீட்டர் என்றும், சக்கரம் 180 மில்லிமீட்டர் எழுகிறது என்றும் கொண்டால், கையின் மூட்டு சுமார் 20 பாகையே திரும்புகிறது. சாதாரண ஓட்டத்தில் அசைவு இன்னும் குறைவு. ஆகவே ஒவ்வொரு ஊசியும் ஒரே இடத்தில் முன்னும் பின்னும் உருண்டு, தனக்கடியிலுள்ள கிரீஸை வெளியே தள்ளிவிடுகிறது. தள்ளப்பட்ட கிரீஸ் திரும்பி வருவதில்லை.

வகுப்பில் இதனை எளிதில் விளக்கலாம். உருண்டையான பென்சில்கள் சிலவற்றை மேஜைமீது வரிசையாக வைத்து, அவற்றின்மேல் கனமான புத்தகம் ஒன்றை வைத்து, ஓர் அங்குலம் முன்னும் பின்னும் தள்ளவேண்டும். பின்னர் சிறிது மணலைத் தூவித் தள்ளினால், பென்சில்கள் கோணி நிற்பதையும் மேல்பூச்சு கீறப்படுவதையும் மாணவர் காண்பர். குவார்ட்ஸ், கடினமாக்கப்பட்ட தாங்கி எஃகுக்கு ஏறக்குறைய நிகரான கடினமுடையது. நீரும் உடன் புகுந்தால், கிரீஸ் நீங்கிய இடங்களில் துருவேறி, ஊசிகள் நின்ற இடங்களில் வரிவரியாகக் குழிகள் விழுகின்றன.

இதன் விளைவு செலவு மட்டுமன்று. மூட்டு இறுகினால் பின் சக்கரம் மேடு பள்ளத்தைத் தொடர்ந்து செல்ல இயலாமல் துள்ளுகிறது. சரளையில் பிடிப்பு தவறுகிறது. மூட்டு தளர்ந்தாலோ வளைவுகளில் வண்டியின் பின்பாகம் அலைகிறது.

வண்டியைத் தாங்கியில் நிறுத்தி, பின் டயரைப் பிடித்து மெல்ல மேலே தூக்கிப் பார்ப்பது வழக்கமான சோதனை. ஸ்பிரிங் பாரம் ஏற்குமுன் 'டக்'கென்ற தளர்ச்சி தெரிந்தால் மூட்டு தேய்ந்துள்ளது. ஆயினும் இச்சோதனையை மட்டும் நம்புதல் தவறு. துருவேறி இறுகிய தாங்கியில் தளர்ச்சி தோன்றாது. தளர்ச்சி தோன்றும் வேளையில் தாங்கி காப்பாற்றும் நிலையைக் கடந்துவிட்டது. மழைக்காலத்திற்கு முன் ஒருமுறையும் பின் ஒருமுறையும் கழற்றிப் பார்ப்பதே தக்கது. ஓடைகளைக் கடந்து செல்லும் வண்டிக்கு இதுவும் போதாது.

கழற்றும்போது வண்டியின் சட்டத்தை உறுதியாகத் தாங்கி நிறுத்தவேண்டும். உள் குழலை உருவுகையில் கூண்டில்லாத ஊசிகள் உதிர்ந்துவிடும். கீழே தட்டு ஒன்றை வைத்து, ஊசிகளை எண்ணிவைத்தல் நலம். ரப்பர் சீல்களைத் தனியே எடுத்துத் துணியால் துடைத்தபின், உலோக உறுப்புகளை மட்டும் மண்ணெண்ணெயில் கழுவி நன்றாக உலர்த்தவேண்டும். நீரை எதிர்க்கும் கிரீஸை ஊசிகளின் இடைவெளிகள் நிறையத் திணித்தல் வேண்டும். பழைய கிரீஸின்மேல் வேறு வகைக் கிரீஸைச் சேர்ப்பது கூடாது; இரண்டும் ஒவ்வாமல் நீர்த்துப்போவது உண்டு. வண்டி கழுவும் நிலையங்களில் அழுத்த நீரை மூட்டுகளின்மேல் நேராகப் பாய்ச்ச இடங்கொடுத்தால் இவ்வுழைப்பு முழுவதும் வீணாகும். சீலின் மெல்லிய உதடு அவ்வழுத்தத்தைத் தாங்குவதற்கு ஆனதன்று.

விரல் நகத்திற்குக் குழி தட்டுப்படுமாயின் தாங்கியையும் உள் குழலையும் சேர்த்தே மாற்றவேண்டும். புதிய தாங்கியைச் சுத்தியலால் அடிக்காமல், எழுத்துப் பொறித்த முகத்தின்மேல் பொருத்தமான உருளையை வைத்து, பட்டறை வைஸில் மெதுவாக அழுத்தி ஏற்றவேண்டும். மரைகளைக் கைநூலிற் கண்ட அளவுக்கே இறுக்கி, ஊஞ்சற்கை எங்கும் பிடிக்காமல் தன் எடையாலேயே இறங்குவதைக் கண்ட பின்னரே ஷாக் அப்சார்பரைப் பூட்டவேண்டும்.