ஊட்டிக் கல்லும் கொடைக்கானல் கல்லும்

தொட்டபெட்டாவில் ஒரு கருங்கல் துண்டையும் கொடைக்கானல் மலைச்சாலை ஓரத்தில் இன்னொன்றையும் உடைத்து எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எது எந்த மலையினுடையது என்று சொல்வது கல்குவாரியிலேயே காலம் கழித்தவருக்கும் சிரமம். இரண்டிலும் எண்ணெய் பூசியது போன்ற அதே கரும்பச்சை மினுக்கம். இரண்டுக்கும் புவியியலில் ஒரே பெயர்: சார்னோக்கைட். ஆனால் இரண்டின் வரலாறும் ஒன்றல்ல. அந்த வித்தியாசம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள துகள்களுக்குள் பதிவாகியிருக்கிறது.

பெயர் வந்த கதை சென்னைப் பக்கத்துக் கதை. கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறை கொல்கத்தாவின் புனித ஜான் தேவாலயத்தில் இருக்கிறது. அந்தக் கல்லறைக் கல் பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துப் பாறை என்று கண்டுகொண்ட இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் தாமஸ் ஹாலண்ட், 1893-இல் பாறைக்கே சார்னாக்கின் பெயரை வைத்தார். பரங்கிமலைப் பாறை இன்று தேசியப் புவியியல் சின்னம். அதே வகைக் கல்தான் ஜல்லியாக நொறுக்கப்பட்டு ஊர் ஊராகக் கான்கிரீட்டுக்குள்ளும் போகிறது.

கல்லைப் பார்த்து வயது சொல்ல முடியாது. அதற்குள் இருக்கும் சிர்கான் சொல்லும். பாறைக்குழம்பு குளிரும்போது படிகமாகும் இந்தக் கனிமம், சிர்கோனியம் உட்கார வேண்டிய இடங்கள் சிலவற்றில் யுரேனியத்தையும் சேர்த்துக்கொள்ளும்; ஈயத்தை மட்டும் அண்ட விடாது. எனவே பின்னாளில் அதற்குள் ஈயம் இருந்தால், அது ஏறக்குறைய முழுவதும் யுரேனியம் சிதைந்து வந்ததுதான். யுரேனியம்-238 பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டு ஆகும். யுரேனியம்-235 அதைவிட வேகம்: 70 கோடி ஆண்டு. 250 கோடி ஆண்டான சிர்கானில் முதல் வகையில் நூற்றுக்கு 32 அணுக்களும், இரண்டாவது வகையில் நூற்றுக்கு 91 அணுக்களும் ஈயமாகியிருக்கும். ஒரே துகளுக்குள் தனித்தனியாக ஓடும் இந்த இரண்டு கணக்கும் ஒத்துப்போனால் வயதை நம்பலாம். ஒத்துப்போகாவிட்டால் இடையில் ஏதோ நடந்து ஈயம் கசிந்திருக்கிறது என்று பொருள்.

இந்த முறைக்கு நூறு வயது தாண்டிவிட்டது. 1911-இல் லண்டனில் படித்துக்கொண்டிருந்த ஆர்தர் ஹோம்ஸ், தமது 21-ஆவது வயதில், நார்வே பாறை ஒன்றுக்கு 37 கோடி ஆண்டு என்று கணக்குச் சொன்னார். யுரேனியத்திலும் ஈயத்திலும் பல வகை அணுக்கள் உண்டு என்பதே அப்போது தெரியாது! பிறகு 1940-களின் கடைசியில் சிகாகோவில் கிளேர் பேட்டர்சன் சிர்கானில் உள்ள ஈயத்தை அளக்க உட்கார்ந்தபோது வேறொரு தொல்லை முளைத்தது. துகளில் இருக்க வேண்டியதைவிட அதிக ஈயம் வந்துகொண்டே இருந்தது. ஆய்வகத் தூசு, பாத்திரம், காற்று என எல்லாவற்றிலும் ஈயம். பெட்ரோலில் ஈயம் கலப்பதற்கு எதிராக அவர் பின்னாளில் நடத்திய நீண்ட போராட்டத்தின் வேர் இந்தத் தலைவலிதான்.

இன்றைய ஆய்வகத்தில் நடப்பது பொறுமைக்கான சோதனை. சில கிலோ கல்லை நொறுக்கிச் சலித்து, நீரில் அலசி, இலேசான தூளைக் கழித்துவிடுகிறார்கள். மிச்சத்தில் காந்தத்தில் ஒட்டுவதைப் பிரித்து எடுத்துவிட்டு, அடர்த்தி மிகுந்த திரவத்தில் கொட்டினால் சிர்கான் அடியில் தங்கும். அதை நுண்ணோக்கியின் கீழ் வைத்து, ஊசி முனையால் ஒவ்வொரு துகளாகப் பொறுக்கி வரிசையாக அடுக்கி, எபாக்சி பிசினில் பதித்து, உள்பகுதி தெரியும்வரை தேய்க்கிறார்கள். எலெக்ட்ரான் கற்றை பட்டதும் துகள் ஒளிர்கிறது. நடுவே ஒரு கரு, அதைச் சுற்றி வேறு நிறத்தில் ஒரு விளிம்பு. இரண்டும் வெவ்வேறு காலத்தில் வளர்ந்தவை. அயனிக் கற்றையை 20 முதல் 30 மைக்ரான் அகலத்துக்குக் குவித்தால், கருவை ஒரு முறையும் விளிம்பை ஒரு முறையும் தனித்தனியாக அளக்கலாம். இப்படிப்பட்ட கருவியை முதலில் கட்டியவர் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் பணிபுரிந்த பில் காம்ப்ஸ்டன். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸில் கிடைத்த 440 கோடி ஆண்டு சிர்கானின் வயது தெரியவந்ததும் இந்தக் கருவி வகையால்தான்.

இந்த முறையில் பார்த்தபோதுதான் நம் இரண்டு மலைகளும் பிரிந்தன. நீலகிரிச் சிர்கான்கள் கருவிலும் விளிம்பிலும் சுமார் 250 கோடி ஆண்டையே சொல்கின்றன. பாறை உருவாகி, அதிக காலம் போகுமுன்னே பூமியின் ஆழத்தில் வெந்து, பிறகு அப்படியே இருந்துவிட்டது. கொடைக்கானல் பக்கத்துச் சார்னோக்கைட்டிலும் கரு 250 கோடி ஆண்டுதான். ஆனால் விளிம்பு சுமார் 55 கோடி என்கிறது. தோரியம் நிறைந்த மோனசைட் என்னும் இன்னொரு கனிமமும் பெரும்பாலும் அந்த 55 கோடியையே காட்டுகிறது. பழனி மலைத்தொடரின் சில பாறைகள் அந்தக் காலத்தில் 900 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறியதற்கும் கனிமச் சான்று உண்டு.

55 கோடி ஆண்டுக்கு முன் அப்படி என்ன நடந்தது? இந்தியா, ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், இலங்கை, அண்டார்க்டிகா எல்லாம் ஒன்றோடொன்று மோதி ஒட்டிக்கொண்டு கோண்டுவானா பெருங்கண்டமானது அந்தச் சமயத்தில்தான். இலங்கையின் நடு மலைநாட்டுப் பாறைகளும் 61 முதல் 55 கோடி ஆண்டு வரையிலான அதே கொதிப்பைப் பதிவு செய்திருக்கின்றன. கன்னியாகுமரி மாவட்ட மலைகளும் அப்படியே. அந்த மலைகள் தேய்ந்து ஆறுகளில் இறங்கிய மணலைத்தான் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் தாது மணல் என்று அள்ளுகிறார்கள். கருப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட்டோடு சிர்கானும் மோனசைட்டும் அங்கே கலந்து கிடக்கின்றன. ஆய்வகங்கள் துகள் துகளாகப் பொறுக்கும் கனிமங்களை அலை அங்கே சும்மா சலித்துக் கொட்டியிருக்கிறது. 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலர், இந்தப் பக்கத்திலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலிலிருந்து மோனசைட்டைக் கண்டுபிடித்ததும், அந்தக் கரை உலகச் சந்தைக்கு வந்தது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். நீலகிரிக் கல்லுக்கு 250 கோடி வயது என்றால் நீலகிரி என்ற மலைக்கும் அதே வயது என்று நாளேடுகளில் எழுதிவிடுகிறார்கள், அது தவறு. அந்தக் கல் 20, 30 கிலோமீட்டர் ஆழத்தில் வெந்தது. மேலே இருந்ததெல்லாம் அரிக்கப்பட்டுப் போனபிறகுதான் அது வெளியே தெரிகிறது. கடலைப் பார்த்து நிற்கும் மேற்குத் தொடர்ச்சி மலையின் செங்குத்துச் சரிவைச் சுமார் 9 கோடி ஆண்டுக்கு முன் மடகாஸ்கர் பிரிந்துபோனதோடு தொடர்புபடுத்துகிறார்கள். அந்தச் சரிவு உருவான காலத்தை அளக்கச் சிர்கானின் யுரேனியம்-ஈயக் கணக்கு உதவாது. அபடைட் என்ற கனிமத்தில் யுரேனியம் பிளந்து விட்டுச்சென்ற தழும்புகளை எண்ண வேண்டும். சுமார் 110 டிகிரிக்கு மேல் அவை அழிந்துவிடுவதால், பாறை எப்போது மேற்பரப்பை நெருங்கிக் குளிர்ந்தது என்பதை அவை காட்டும்.

தீராத வழக்கு ஒன்று உண்டு. நீலகிரிக்கும் பழனி மலைகளுக்கும் நடுவே பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காவிரிப் பக்கம் நீளும் நொறுங்கிய பட்டைதான், பழைய கடல் மூடிக் கண்டங்கள் ஒட்டிய தையல் என்பது ஒரு தரப்பு. கொடைக்கானல் சிர்கானின் கரு நீலகிரியோடு ஒத்துப்போகிறதே, அப்படியானால் இரண்டும் தொடக்கத்திலேயே ஒரே நிலம், தையல் இன்னும் தெற்கே, கிழக்கே தள்ளி இருக்க வேண்டும் என்கிறது மறு தரப்பு. மதுரைப் பக்கத்துக் குவார்ட்சைட்டில், அதாவது பழைய மணல் இறுகிய பாறையில், கிடைக்கும் சிர்கான்களின் வயதுக் கலவை நடு மடகாஸ்கர் குவார்ட்சைட்டுகளோடு பொருந்துவதை இவர்கள் தங்கள் பக்கச் சாட்சியாக வைக்கிறார்கள். கொடைக்கானலுக்குக் கிழக்கிலும் தெற்கிலும் கருவின் வயது 250 கோடியிலிருந்து எந்த ஊரில் மாறுகிறது என்று குவாரி குவாரியாகக் கல் எடுத்துத் தேடுவது இப்போது அந்த வழக்கின் முக்கிய வேலை.